ரங்கெலின் முகத்துக்குச் சாட்சி நின்ற வெலிச்கா அம்மையாருக்கு

அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அம்மையாரே! எழுத்துப் பிழையைப் பொறுக்காதவரே, எழுதியவரின் பிழையைப் பொறுத்தவரே! ப்ளோவ்டிவ் நகரின் ‘வெள்ளைத் திரை’ இணையத்தளத்தில் திரைப்பட ரசிகர்கள் மூட்டிய சண்டைகளையெல்லாம் முன்னின்று தணித்த முதன்மை நெறியாளரே! வாழ்க என்று வாயாரச் சொல்லவே வந்தோம். வாயைத் திறந்தால் பயம்தான் முந்திக்கொண்டு வருகிறது. இன்றோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள்; நாளை முதல் உங்கள் நாற்காலியில் ஆள் யாரும் அமரப் போவதில்லை, வரும் கருத்துகளை ஒரு செயலியே சலித்துப் பிரித்துவிடும் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. அது எங்களை எப்போது சலித்தெடுக்கும் என்பதை மட்டும் அறிவிக்கவில்லை.

பலமொழி வல்லவர் நீங்கள். பால்கனியில் புகைத்தபடியே பத்துப் பேரின் வசவைப் பொறுமையாகப் படித்து முடிப்பவர். அதே பொறுமையை எங்களிடம் ஒருநாளும் காட்டாதவர். உங்கள் பெருமைகளை அடுக்கினால் இந்த மாலை போதாது. ஆகவே கடந்த குளிர்காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் இச்சபையில் சொல்கிறோம். சொல்லலாம் என்று அதற்கு உரியவரே அனுமதி தந்திருக்கிறார். மனைவியோடு அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் கார் ஓட்டப் பயிற்றுநர் ரங்கெல்தான் அவர்.

ரங்கெல் நடிகரல்லர். ஒரு சிறிய படத்தில், ரயில் நிலையத்தில் மகனை வழியனுப்பும் தந்தையாக, வசனமே இல்லாத ஒரு காட்சியில் அழுதார். படம் இணையத்தில் வெளியான வாரமே, ஸ்டாமென் என்ற சுவரொட்டி ஓவியர் அந்த முகத்தைப் படமாகப் பிடித்து, வாயோரத்தில் சிவப்பு வட்டம் போட்டு நம் தளத்தில் பதிந்தார்: “பாதி மொகம் அழுவுது, பாதி மொகம் தேமேன்னு கெடக்குது. இது மனுஷன் இல்லைய்யா, செயற்கை நுண்ணறிவு செஞ்ச பொம்மை! நம்ம பொழப்புல மண்ணு விழுந்தாச்சு, முழிச்சுக்கங்க!”

மாலைக்குள் ஊரே கூடிவிட்டது. கொதித்துப்போன இயக்குநர் படப்பிடிப்பில் எடுத்த துண்டுகளை வெளியிட்டார். அவையும் இயந்திரம் செய்தவையே என்றார்கள். ரங்கெல் என்று ஓர் ஆளே இல்லை என்று சிலர் சத்தியம் செய்தார்கள். எழுதியவர்களில் பலர் வரைபவர்கள், இசையமைப்பவர்கள், படம் தொகுப்பவர்கள். வேலை போய்விடுமோ என்ற நடுக்கம் அவர்கள் வரிக்கு வரி தெரிந்தது. அதனால்தான் அவர்களை அடக்க எங்களுக்கு மனமும் வரவில்லை, வழியும் தெரியவில்லை.

மறுநாள் அந்த இல்லாத மனிதர் நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார், அம்மையாரே! தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு உங்கள் மேசை முன் நின்றார்.

“வண்டி பழக வந்த பொண்ணு ஒன்னு, கன்னத்தத் தொட்டுப் பாக்கலாமான்னு கேக்குதும்மா. எனக்கு முகவாதம் வந்து எடப்பக்கம் அசையாது. அவ்வளவுதான் சங்கதி. ஆனா அத எழுதிடாதீங்க. ஒடம்பு சரியில்லாதவன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட கார் பழக வருவான்?”

மருத்துவச் சான்றிதழைப் போட்டால் ஒரே நாளில் வாயடைத்துவிடலாம் என்று நம் ட்ராயன் யோசனை சொன்னார். அப்போது நீங்கள் போட்ட சத்தம் கீழே ரொட்டிக்கடை வரை கேட்டது. “அவரு மனுஷன்னு காட்டுறதுக்கு அவரு சீட்டு கொண்டாரணுமா? போடா அந்தப் பக்கம்!”

கத்தி முடித்ததும், ரங்கெலின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, ஸ்டாமெனைத் தொலைபேசியில் அழைத்தீர்கள்.

“ஏம்ப்பா, ஒனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?”

“தெரியாதுங்க. ஏன்?”

“நாளைக்கு ஒனக்கு ஒரு பாடம் ஏற்பாடு பண்ணிருக்கேன். வரலன்னா ஒன் பதிவு இருக்காது.”

இந்த மிரட்டல் நம் தளத்தின் விதிகளுக்கு உட்பட்டதா என்று இன்றுவரை நாங்கள் விசாரிக்கவில்லை.

மறுநாள் படகுக் கால்வாயை ஒட்டிய சாலையில், சேறும் பனியுமாய்க் கிடந்த பாதையில், ஸ்டாமென் ஓட்ட, பக்கத்தில் ரங்கெல் அமர, பின்னிருக்கையில் நீங்களும் உங்கள் கையை இறுகப் பிடித்தபடி நம் இஸ்க்ராவும். ஸ்டாமெனின் கண் சாலையில் நிற்கவில்லை. பக்கத்து முகத்திலேயே ஒட்டிக்கொண்டது.

“ரோட்டப் பாருப்பா. என்னைய அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் ரங்கெல்.

வட்டச் சந்திப்பில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஒலிப்பான்கள் அலறின. ரங்கெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலப்பக்கம் மட்டும் வந்தது. அதைப் பார்த்த ஸ்டாமென் ஸ்டீயரிங் வளையத்தின் மேல் கவிழ்ந்துகொண்டார்.

“எனக்கு வேலை இல்லாமப் போயி ஆறு மாசம் ஆச்சுங்க. எதப் பாத்தாலும் அந்த மெஷின்தான் தெரியுது. எம் பையன் வரைஞ்ச படத்தக்கூட, நெசமாவே நீதான் வரைஞ்சியான்னு கேட்டுட்டேன்.”

“சரி சரி. மொதல்ல இண்டிகேட்டரப் போடு. பின்னால பஸ்காரன் திட்டுறான்” என்று ரங்கெல் அவர் முதுகில் தட்டினார்.

அன்றிரவே ஸ்டாமென் எழுதினார்: “தப்பு என் மேல. அவரப் பாத்தேன். மனுஷன்தான்.” அந்த வரியையும் இயந்திரம் எழுதியது என்றார்கள் சிலர், எவ்வளவு வாங்கினாய் என்றார்கள் சிலர். சிவப்பு வட்டம் போட்ட அந்தப் படம் இன்னமும் வேறு தளங்களில் சுற்றுகிறது. அடுத்த படத்துக்கு அழைப்பு வந்தபோது ரங்கெல் மறுத்துவிட்டார். ஸ்டாமெனுக்கு வேலையும் கிடைக்கவில்லை, ஓட்டுநர் உரிமமும் கிடைக்கவில்லை. வென்றோம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சென்ற வாரம் ஒரு நடிகை விம்மும் காட்சி வந்தது. மெய் என்றார் இஸ்க்ரா, பொய் என்றார் ட்ராயன், காட்சியை மறுபடி ஓட்டினார் நம் மோம்சில். மூவரும் உங்களைத் திரும்பிப் பார்த்தோம். திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “எனக்கும் தெரியலப்பா” என்றீர்கள். அந்தச் சொல் எங்களைக் கலங்கடித்தது. ஆனால் அதைச் சொன்ன கையோடு அந்த நடிகையின் தொலைபேசி எண்ணைத் தேடத் தொடங்கிய உங்களை எந்தச் செயலியில் தேடுவோம்!

ஆன்றவிந்த அம்மையாரே! நோயின்றி, நொடியின்றி, நுரையீரலுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டி, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். நாங்கள் அழைக்கும்போது தொலைபேசியை எடுங்கள். அந்தக் குரல் எங்களுடையதுதானா என்ற ஐயம் உங்களுக்கும் ஒருநாள் வரக்கூடும். வந்தால், நேரில் வரச் சொல்லுங்கள்.

வருவோம்.

இங்ஙனம்,
இஸ்க்ரா, ட்ராயன், மோம்சில்
கருத்துப் பகுதிப் பணியாளர்கள்,
‘வெள்ளைத் திரை’, ப்ளோவ்டிவ்