தொட்டித் தண்ணீரில் மீன் வாடை

முத்தியால்பேட்டை டெம்போவில் முழங்காலும் முழங்காலும் முட்டிக்கொள்ளும். காதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது? எதிரே இரண்டு பெண்கள். நெற்றி நிறைய விபூதி வைத்திருந்தவர் சொன்னார்:

"மீன் நாத்தம்னு சொல்லி கீழ் வீட்டுக்காரங்களைக் காலி பண்ண வச்சேன்ல, பாவம், அவங்க மீன் சமைக்கவே இல்லடி."

"அப்ப நாத்தம் எங்கருந்து வந்துச்சு?" என்றார் தோழி.

"குடிக்கிற தண்ணியிலருந்து. மொட்டைமாடித் தொட்டி மூடி காத்துல பறந்து போயிருக்கு. வெயில் பட்டு உள்ள பூரா பச்சைப் பசேல்னு பாசி."

"அய்யய்யோ! சைவம்னு சத்தியம் பண்ணாங்களேடி."

"நான்தான் நம்பல. தொட்டி கழுவ ஆள் வர்றதுக்குள்ள வேற ஆளுங்க வீடு பாக்க வந்துட்டாங்க. குடிக்கத் தண்ணி குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு, நீங்க மீன் சாப்பிடுவீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பாசித் தண்ணின்னு சொன்னா யாராவது குடி வருவாங்களா? ஆமான்னுட்டேன். அவங்களுக்கு ஒரே சந்தோசம். நாங்க குருசுக்குப்பம்ங்க, மீன் பிடிக்கிறவங்க, சைவமா சைவமான்னு கேட்டே எல்லாரும் வீடு இல்லன்னுட்டாங்கன்னு சொல்லி, அந்த வாரமே பால் காய்ச்சிட்டாங்க."

"இப்ப தொட்டி?"

"கழுவியாச்சு. தண்ணியில ஒரு வாடை இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமையானா எனக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு வந்துடுது. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"என்னடி பண்ற அதை? பூனைக்குப் போடுறியா?"

விபூதிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முதல்ல பூனைக்குத்தான் போட்டேன்."