முன்வரிசையில் மகேஸ்வரன்

மாசி மாதத்து ரொறன்ரோவில் வியர்க்க வேண்டுமென்றால் பட்மின்ரனைப் போல வசதியான விளையாட்டு வேறில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் அகதிகளாக இருந்தபோது நானும் மகேஸ்வரனும் அப்படித்தான் தொடங்கினோம். பிறகு அதுவே தொழிலாயிற்று. மாகாணக் கிண்ணம், ஐரோப்பியப் போட்டிகள், இலவசச் சப்பாத்து. எங்கள் பெயர்களைச் சேர்த்தே எல்லோரும் சொன்னார்கள்: அகஸ்ரின்-மகேஸ்வரன்.

உங்கள் பட்மின்ரன் சங்கம் நடந்ததை விபத்து என்று எழுதியிருக்கிறது. என் கை தவறியதாம். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருவன் வலைக்கு அருகே நிற்பான். மற்றவன் பின்னாலிருந்து ஓங்கி அடிப்பான். முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சொந்தக் கூட்டாளியின் அடியே முகத்தில் விழும். மகேஸ் ஒருநாளும் திரும்பியதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

தொண்ணூற்றைந்தில், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அடுத்த சீசன் நான் பிரவீனனோட விளையாடப் போறன். ஒலிம்பிக் தெரிவு வருது. உங்கட முழங்காலும் முந்தின மாதிரி இல்லை."

"ஓம், நல்ல பெடியன்," என்றேன்.

"நீங்கள் கோவிப்பீங்கள் எண்டு துர்க்கா பயந்துபோனா."

"எனக்கென்ன கோவம்?"

உண்மையிலேயே கோபமில்லை. இன்னொரு தட்டுக் கொத்துக்குச் சொன்னேன். கவலைதான் இருந்தது. பிரவீனன் அவசரக்காரன், தோற்றால் கூட்டாளியைக் குறை சொல்வான். மகேஸ் அதைத் தாங்கமாட்டான். அவன் மனைவி துர்க்காவுக்குக்கூட அவனை என்னளவு தெரியாது. அவனை யாராவது காப்பாற்றத்தானே வேண்டும்.

அடுத்த கிழமை பயிற்சி. எதிரே நின்றவர்கள் ஷட்டிலை உயரத் தூக்கினார்கள். அது மெதுவாக இறங்கியது. யோசிக்கப் போதுமான நேரம். நான் துள்ளி எழும்பினேன்.

"மகேஸ், இஞ்சை பார்," என்றேன். தேத்தண்ணி வேணுமா என்று கேட்கிற குரலில்தான்.

திரும்பினான். நான் அடித்தேன். வலது கண்.

ஓடிப்போய் முதலில் தாங்கியது நான்தான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, ஆரோ லைற்றை நிப்பாட்டிப்போட்டினம்," என்றான்.

"நான் இருக்கிறனடா," என்றேன்.

பிரவீனன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்தான். பிறகு வேறு கூட்டாளி பிடித்துக்கொண்டான். நான் நினைத்தது சரிதான், பாருங்கள். கண் டொக்டரிடம் மகேஸைக் கூட்டிப்போவது நான். அவன் கோப்பைக்கு வெளியே தண்ணீர் ஊற்றும்போது துடைப்பதும் நான். "அகஸ்ரின் அண்ணை இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம்," என்று துர்க்கா அழுகிறாள். மற்றக் கண்ணும் மங்குகிறதாம். பரவாயில்லை, என் கார் இருக்கிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கை தவறவில்லை. குறிபார்த்துத்தான் அடித்தேன். பின்கோட்டிலிருந்து அந்த அடியை அடிக்க இந்த நகரத்தில் வேறு ஆளில்லை.

மகேஸுக்கு மட்டும் சொல்லவேண்டாம். மெல்லிய மனசு அவனுக்கு. இத்தனை வருடத்தில் நான் அவனை ஒருநாளும் நோகவிட்டதில்லை.