வெட்டுப்பட்ட வரி

– பேரச் சொல்லுங்க காக்கா. ஒரே ஒரு பேர். நாளைக்கு விடிஞ்சா நீங்க மேயர் வேட்பாளர்.

– நிப்றாஸ், நீ தலைவர்ர செயலாளரா வந்திரிக்கியா, இல்ல நம்மட சாய்ந்தமருதுத் தம்பியா வந்திரிக்கியா?

– செயலாளராத்தான். கட்சி வாகனம் வாசல்ல நிக்கிது பாருங்க. வேட்புமனு எல்லாம் றெடி. ‘பக்கீர் முகைதீன், பத்திரிகை ஆசிரியர்’ எண்டு எழுதுற இடம் மட்டும் வெறுமையாக் கிடக்கு.

– செயலாளர் எண்டா உனக்குப் பிளேன்டி மட்டுந்தான். தம்பிக்குத்தான் தொதல் இனிப்பு. நதீரா, கேட்டதா?

– கேட்ட, கேட்ட. கல்முனை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிரிக்கும். இந்தாங்க தம்பி, தொதலையும் எடுங்க. இவர்ர சட்டமெல்லாம் பேப்பரோட சரி. என்ட குசினியில செல்லாது.

– றாத்தா, நீங்களாவது இவருக்குச் சொல்லுங்களன். போன கிழம ‘கரையோசை’யில ஒரு கடிதம் போட்டிரிக்கார். எழுதினவன் ‘வட்டைக்காரன்’ எண்டு புனைபேர். தலைவர்ர மச்சான் கிறவல் மண்ணக் கொட்டி வடிச்சல் வாய்க்கால மூடிட்டாராம். மழைத்தண்ணி வடிய வழியில்லையாம். நாவிதன்வெளிப் பக்கம் நெல் வேளாண்மை முழுக்கத் தண்ணியில தாண்டு போச்சாம்.

– என்ன ‘போச்சாம்’? போய்த்தான் கிடக்கு. சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு நானே இறங்கிப் பாத்துட்டுத்தான் அந்தக் கடிதத்தப் போட்ட. உன்ட உம்மாட காணியும் அதே வயல் வட்டையிலதானே நிப்றாஸ்?

– ஓம். அத விடுங்க காக்கா. உங்கட சட்டம் ஊருக்கே தெரியும். புனைபேர்ல எழுதுறவன் ஆரா இரிந்தாலும் நேர வந்து உங்கட காதுக்குள்ள சொந்தப் பேரச் சொல்லோணும். சொல்லாட்டி அச்சில வராது. அப்ப இவன்ட பேரும் உங்களுக்குத் தெரியுந்தானே?

– காதுல விழுந்தது அமானிதம், நம்பிக் குடுத்த பொருள். வாயால வெளிய வராது.

– சிலநேரம் பேர் சொல்லாமலே வந்திரிக்குமோ?

– என்ட சட்டத்த நானே மீறுவனா? ஏன் நதீரா இருமுற? தண்ணியக் குடி.

– ஒண்டுமில்ல. சட்டம் எண்டதும் தொண்டையில சிக்கிட்டு. இன்னொரு சட்டமும் வெச்சிரிக்காரு தம்பி, அது தெரியுமா? எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரிய வெட்டிருவாரு. என்ட தம்பி றினாஸ் ஆக்கள அடக்கம் செய்ற மையவாடி மதிலப் பத்தி எழுதின கடிதத்தையும் மொட்ட வாலாக்கிப் போட்டாரு. இண்டைக்கும் அவன் இந்த வாசல் மிதிக்கிறல்ல.

– மிதிக்காட்டிப் போகட்டும். மேல நியாயம் எழுதுற மனிசன் கடைசி வரியில வந்து சாபம் போடுவான், இல்லாட்டி அழுவான். அதப் படிச்சா எழுதினது ஆரெண்டு ஊருக்கு விளங்கிரும். அவனக் காப்பாத்தத்தான் வெட்டுற. அத றினாஸுக்குச் சொன்னா, ‘சொந்தப் பேரப் போட்டு எழுதின எனக்கு என்ன காவல்’ எண்டு கேக்கான்.

– அவன் கேட்டது சரிதானே!

– காக்கா, உங்கட குடும்பச் சண்டைய நாங்க பிறகு பாப்பம். தலைவர் ஒரு ஆளக் கண்டுபிடிச்சி வெச்சிரிக்கார்.

– ஆரு?

– வயல் விசயம் பாக்கிற கமநல ஒபிஸ்ல வேல செய்ற சிவரூபினி. பாண்டிருப்புப் புள்ள. வடிச்சலுக்கு மேல இரிக்கிற மதகுட அகலம், ஆழம் எல்லாம் கடிதத்துல வந்திரிக்கி. அத அளந்தது அவதான். இண்டைக்கு நீங்க வேறொரு பேர் சொல்லாட்டி அவக்குத் தூரத்து மொனராகலைக்கு இடமாற்றம். மேல கதைச்சி முடிச்சிட்டாங்க.

– யா அல்லாஹ்! அந்தப் புள்ளைக்குக் கைக்குழந்தையெல்லோ. போன மாசந்தான் ஆசுபத்திரியில கண்ட.

– அவ எழுதல்ல நிப்றாஸ்.

– அப்ப ஆர் காக்கா?

– அவ எழுதல்ல எண்டு மட்டுந்தான் நான் சொன்ன. உங்கட தலைவருக்கு மூளை இரிக்கா? தமிழ்ப் பொம்புள ஒருத்தி முஸ்லிம் தலைவருக்கு எதிரா எழுதின எண்டு ஒரு கத கிளம்பட்டும். நாளைக்கு வடிச்சல ஒருத்தனும் தேடமாட்டான். அங்க ஒரு கூட்டம், இங்க ஒரு கூட்டம் கொடியோட றோட்டுக்கு வரும். கிறவல் கிடந்த இடத்துலயே கிடக்கும்.

– அதுதானே அவங்களுக்கும் வேணும்.

– என்ன சொன்ன?

– ஒண்டுமில்ல காக்கா. நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்றன். வடிச்சலத் துப்பரவாக்கச் சொல்லி எத்தின மந்திரிக்கு எழுதியிரிப்பீங்க? எத்தின ஆணையாளருக்கு? ஒரு பதில் வந்திரிக்கா?

– வந்திரிக்கு. ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ எண்டு. அலுமாரி நிறையக் கிடக்கு. எழுதி எழுதிக் கை ஓஞ்சிதான் கட்சிக்கு வந்த. மேயர் கதிரையில இரிந்தா நானே மிசின இறக்கி வெட்டலாம் எண்டு நினைச்ச.

– அந்தக் கதிரதான் இப்ப முன்னால இரிக்கி. ஒரு பேர் சொன்னா உங்களுக்கு... பொறுங்க, போன் அடிக்கிது. தலைவர்தான்.

– இங்க தா. அஸ்ஸலாமு அலைக்கும் தலைவர். ஓம், பக்கீர் முகைதீன்தான் கதைக்கிறன்... ஓம், நிப்றாஸ் எல்லாம் சொன்ன... இல்ல, இல்ல, அந்தப் புள்ளைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல... பேர்தானே வேணும்? வட்டைக்காரன் நான்தான்... ஓம், நானே எழுதி என்ட பேப்பர்லயே போட்ட... பகிடி இல்ல தலைவர்... மேயருக்கு வேற ஆளப் பாருங்க, கோவமில்ல... ஒண்டே ஒண்டு. அந்தப் புள்ளைய இந்த ஊர விட்டு மாத்தினீங்க எண்டா, வாற கிழம முன்பக்கத்துல என்ட சொந்தப் பேர்ல எழுதுவன்... சரி. வஅலைக்குமுஸ்ஸலாம். இந்தா நிப்றாஸ், உன்ட போன்.

– இஞ்சப் பாருங்க, நீங்களா எழுதின? அந்தக் கடிதம் வந்த நேரம் நான்தானே...

– நதீரா, அடுப்புல என்னவோ கருகுது.

– அடுப்ப அணைச்சிட்டுத்தான் வந்த! நேத்துத்தான் சந்தையில மீன் விக்கிற ஆக்கள் ‘மேயர்ர பொஞ்சாதி’ எண்டு பெரிய பாரக்குட்டியா எடுத்துத் தந்த. இனி அந்தப் பக்கம் எந்த முகத்தோட போற?

– அதே முகத்தோட போ. மீன்தான் கொஞ்சம் சின்னனா வரும்.

– காக்கா, றாத்தா சொல்ல வந்தத முடிக்கட்டும்.

– முடிக்கத்தான் போறன். அந்தக் கடிதம் கதவுக்குக் கீழால வந்த, தம்பி. வெள்ளிக்கிழம, ஆம்புளைகள் எல்லாம் ஜும்ஆவுக்குப் போயிரிந்த நேரம். பேரில்ல, ஊரில்ல. நான் கதவத் திறக்கிறதுக்குள்ள ஆளும் இல்ல. இவரு தன்ட சட்டத்தத் தானே மீறிட்டு, இப்ப எழுதினதும் நான்தான் எண்டு போன்ல சொல்றாரு!

– எழுதினது அத்தனையும் உண்ம நதீரா. போடாம என்ன செய்ற? பேர் சொல்லப் பயந்திரிக்கான், அவ்வளவுதான். பயந்தவன் சொன்னா உண்ம பொய்யாகிருமா?

– அப்ப ஆரெண்டு உங்களுக்குத் தெரியா. ‘தெரியா’ எண்டு தலைவர்ட்டச் சொல்லியிரிக்கலாமே காக்கா. நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க எண்டு நினைச்சித்தான் நான் வந்த.

– நம்புவாரா அவர்? என்ட சட்டம் ஊருக்கே தெரியும் எண்டு சொன்னது நீதானே. தெரியா எண்டா, நான் ஆளை மறைக்கிறன் எண்டுதான் நினைப்பார். பழி சிவரூபினிட தலையிலதான் விடியும்.

– முகமே தெரியாத ஒருத்தனுக்காகக் கதிரைய விட்டுட்டீங்க.

– முகம் தெரியாதுதான். ஆனா அவன் பொலிசுக்குப் போகல்ல, பேஸ்புக்குல போடல்ல. என்ட கதவத் தேடி வந்து போட்டிரிக்கான். பேர் சொல்லாட்டியும் அது அமானிதந்தான். நீ போ நிப்றாஸ். நான் பொய் சொன்ன எண்டு தலைவர்ட்டச் சொல்லு. செயலாளர்ர வேல அது. நான் கோவிக்க மாட்டன்.

– சொல்ல மாட்டன்.

– ஏன்?

– என்ன தம்பி, தொதல் தொடவே இல்ல. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. இரிங்க, தண்ணி கொண்டாறன்.

– வேணா றாத்தா. காக்கா, ஒண்டு கேக்கோணும். செயலாளரா இல்ல.

– தம்பியாத்தானே? கேளு.

– ‘என்ட உம்மா அந்த வரம்புல நிண்டு அழுதத நான் வாகனத்துக்குள்ள இரிந்து பாத்த’ எண்டு நான் எழுதின கடைசி வரிய ஏன் காக்கா வெட்டின?