வீரம்மாவின் சுவிட்சர்லாந்து

இல்லண்ணே, கோட்டு எனக்குத்தான். கம்பளி. இந்த வெயில்ல எதுக்குன்னுதானே பார்க்கிறீங்க? இதைப் போட்டுக்கிட்டுத்தான் காலையில கோலாலம்பூர் ஸ்டேஷன்ல, வழியனுப்ப வந்தவங்க போட்ட மாலையை வாங்கினேன். போர்ட் சுவெட்டன்ஹாம் வர்ற வரைக்கும் ரயில்ல வெந்துகிட்டே வந்தேன். சுவிட்சர்லாந்து போறவன் வெறும் சட்டையோட நின்னா யாரு நம்புவா?

உட்காருங்க பட்லரண்ணே. உங்க கப்பல் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, விசாரிச்சுட்டுத்தான் உங்களைப் பிடிச்சேன். கோப்பி சொல்லியிருக்கேன். ஒரு உதவி வேணும். பெரிசில்ல, அஞ்சு தபால் கார்டு, ஒரு டின். பயப்படாதீங்க, டின்னுல மிளகாய்த்தூள்தான்.

நான் சபாபதி, ரயில்வே ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணி. வீடு பிரிக்பீல்ட்ஸ். அந்தா, வெளிய பெஞ்சில கடல் பார்த்து உட்கார்ந்திருக்கா பாருங்க, நீலச் சால்வை, அதுதான் வீட்டுக்காரி. வீரம்மா. உள்ள வரமாட்டா. கோப்பியும் சொந்த டம்ளர்லதான் குடிப்பா. ஆசாரமா? சரி, அப்படியே வச்சுக்குங்களேன்.

எனக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸு, ஆறு மாச லீவு சேர்ந்திருக்கு. நம்ம ஆளுங்க இந்த லீவு கிடைச்சா நேரா நாகப்பட்டினம் கப்பல்ல ஏறிடுவாங்க. எங்க துரை ஊருக்குப் போறப்ப மேசையில ஒரு வழிகாட்டிப் புஸ்தகத்தை விட்டுட்டுப் போனார். சுவிட்சர்லாந்து. கடைசி நாற்பது பக்கம் ரயில் டைம் டேபிள். மத்தவங்கன்னா மலைப்படம் பார்ப்பாங்க. நான் டைம் டேபிள் படிச்சேன். உங்களுக்குத் தெரியாததா, ஜெனோவாவுல கப்பலை விட்டு இறங்கணும். மிலான்ல வண்டி மாறணும். அப்புறம் சிம்ப்ளான் குகை. பன்னிரண்டு மைல்னு எல்லாரும் சொல்வாங்க, சரியாச் சொன்னா பன்னிரண்டே கால். பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து பத்துமலையையும் தாண்டிப் போற தூரம், முழுக்க மலைக்கு அடியில. அதுக்கு மேல பல்லு வச்ச தண்டவாளம். பதினோராயிரத்து முந்நூறு அடி உசரத்துல, சுத்தியும் பனி, அங்க ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு லீவு உண்டான்னு வீரம்மா கேட்டா. புஸ்தகத்துல போடல.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தா எங்களுக்கு இதே வேலைதான். ஏரிக்கரையில நல்ல ஓட்டலாப் பார்த்தேன், வேணாம்னுட்டா. பக்கத்துல பால்கட்டி பண்றாங்களாம், நாத்தம் வருமாம். மலைமேல மரவீட்டுக்கு மாத்தினேன். அங்க மாட்டுக்குக் கழுத்துல மணி, நாள் முழுக்கச் சத்தம்னு எழுதியிருக்கு. அது பரவாயில்லையாம், துணைக்கு ஆச்சாம். அவ ஓட்டல் மாத்தினா நான் வண்டி மாத்தணும். ஸ்பீட்ஸ்னு ஒரு ஸ்டேஷன்ல வண்டி மாற ஏழே நிமிஷம் வந்துச்சு. ட்ரங்குப் பெட்டியோட ஏழு நிமிஷத்துல நான் எப்படி ஓடறதுன்னு சண்டை பிடிச்சா. ரெண்டு நாள் பேச்சில்ல. கடைசியில நான்தான் இறங்கி வந்து, அடுத்த வண்டிக்குப் போட்டேன்.

எந்த வகுப்பு டிக்கெட்டா? இருங்க, அதுக்கு வரேன்.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, நாங்களா யாருகிட்டயும் மூச்சு விடல. பாசார்ல நேசம்மா இவளைப் பிடிச்சுக்கிட்டா. அடுத்த வீடு, யாழ்ப்பாணத்து ஆளுங்க, நல்ல மனுஷி. ஏன் இப்படி இளைச்சுட்டே, எங்கிருந்து வரேன்னு கேட்டிருக்கா. இவ சட்டுனு, எங்களைச் சுவிட்சர்லாந்து போகச் சொல்றாங்கக்கான்னுட்டா. யாரு சொல்றாங்கன்னு நேசம்மா கேட்கவே இல்ல. கேட்டிருந்தா வம்பு. மீனு வாங்கின கூடையை மறந்துட்டு வீட்டுக்கு ஓடியிருக்கா, சாயங்காலத்துக்குள்ள பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எனக்கு என்ன வேலை? பொய் அவளுது, டைம் டேபிள் என்னுது. ரெண்டும் சேர்ந்தா யாரால அசைக்க முடியும்?

ஆமாண்ணே, பொய்தான். நாங்க கப்பல் ஏறல. டிக்கெட்டும் இல்ல. நீங்க எழுந்திரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க.

நம்ம வழக்கம் தெரியும்ல, ஒருத்தன் கப்பல் ஏறுறான்னா ஊரே சாமான் கொண்டாந்து கொடுக்கும். நாகப்பட்டினத்துக்குப் போனா சரி. சுவிட்சர்லாந்துக்கும் கொண்டாந்துட்டாங்க. நேசம்மா பையன் பாலன் எடின்பரோவுல டாக்டருக்குப் படிக்கிறான். வழியிலதானே தம்பி, இந்தத் தூளை அவன் கையில குடுத்துடுங்கன்னு டின்னைத் தூக்கிட்டு வந்துட்டா, வறுத்து இடிச்சு, மூடியை மெழுகு வச்சு அடைச்சு. எடின்பரோ வழியில இல்லக்கா, நடுவுல பிரான்சும் ஒரு கடலும் இருக்குன்னு படம் போட்டுக் காட்டினேன். படத்துல ஒரு சாண் கூட இல்லையேங்கறா. அந்தப் புள்ள ரெண்டு வருஷமா உப்பு காரமில்லாத கறி திங்குதாம். அதான் வாங்கிக்கிட்டேன். உங்க கப்பல் கடைசியா லண்டன் போகுதுல்ல? அங்க தபால்ல சேர்த்துடுங்க, விலாசம் ஒட்டியிருக்கு. நான் பொய் சொல்லலாம், அந்தத் தூள் போய்ச் சேராம இருக்கக் கூடாது.

இப்ப கார்டு. முதல்ல கொழும்பு, இதுல கடல் பரவாயில்ல, சாப்பாடுதான் சப்புனு இருக்குன்னு எழுதியிருக்கா. உங்க சமையலைச் சொல்லலண்ணே, பொதுவா. அடுத்தது போர்ட் சயித், ஒட்டகம் பார்த்தாளாம். மூணாவது ஜெனோவா. நாலாவதுதான் என்னை ஒரு மாசம் தூங்கவிடல. நேசம்மா வீட்டுக்காரர் யோகநாதன் ஸ்டாம்பு சேர்க்கிறவர், பூதக்கண்ணாடி வச்சு முத்திரையைப் பார்ப்பார். சுவிட்சர்லாந்து ஸ்டாம்புக்கு நான் எங்க போவேன்? வீரம்மா ரெண்டு நிமிஷத்துல தீர்த்துட்டா. இங்க பனி, தபாலாபீஸ் தூரம், ஜெனோவா போற ஒருத்தர்கிட்ட குடுத்து விடறோம்னு எழுதிட்டா பாருங்க. அதனால திரும்பி வர்ற வழியில நீங்க மறுபடி ஜெனோவாவுல நிப்பீங்கல்ல, அப்ப இது. மாத்திப் போட்டுடாதீங்க. மூலையில பென்சில்ல நம்பர் போட்டிருக்கேன், போடறதுக்கு முன்ன அழிச்சுடுங்க.

நாங்க எங்க போறோம்னா, பிரேசர் மலைக்கு. துரைமாருங்க குளிருக்காகப் பங்களா கட்டியிருக்கிற மலை. அங்க ஒரு பங்களாவுல அய்யாவுன்னு என் சிநேகிதன் சமையல்காரன், பின்கட்டுல ஒரு ரூம் இருக்கு. துரைகிட்ட கேட்டு வாங்கிட்டான். நாளைக்கு விடிய சாமான் ஏத்துற லோரியில பின்னாடி ஏறிக்குவோம், படுதா மூடி. கோலாலம்பூர் சுத்தித்தான் மலைக்கு ரோடு. வீரம்மா டிரைவர்கிட்ட பிரிக்பீல்ட்ஸ் வழியா விடச் சொல்லியிருக்கா. படுதா ஓட்டையில நேசம்மா என்ன பண்றான்னு பார்க்கணுமாம். நான் வேணாம்னேன், கேட்கல.

எதுக்கு இத்தனை கூத்துன்னு கேட்கிறீங்க. நியாயம்தான். போன வருஷம் எங்க வரிசையில கார்த்திகேசு சம்சாரத்துக்கு நெஞ்சு நோவு, இருமினா ரத்தம் வர்ற ஒட்டுவாரொட்டி. விஷயம் வெளிய வந்த அன்னிலிருந்து அந்த வீட்டுல யாரும் தண்ணி குடிக்கல. வாசல்ல ஆரஞ்சுப் பழத்தை வச்சுட்டு, முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டு அழுதாங்க. அவ உள்ள படுத்து அதைக் கேட்டுக்கிட்டே கிடந்தா. வீரம்மாவும் போயி அழுதவதான். அதான் இப்ப சொல்றா, என்னைப் பார்த்து யாரும் பாவம்னு சொல்லக் கூடாது, வயிறு எரியட்டும்னு. நிஜமாண்ணே, இந்த ரெண்டு மாசமா ஊரே வயிறெரிஞ்சுது, இவ முன்னைவிட ஒரு பிடி கூடச் சாப்பிட்டா.

யாரு போகச் சொன்னாங்கன்னு நீங்களும் கேட்கல. டாக்டர்தான். நெஞ்சுல தட்டிப் பார்த்துட்டு, குளிர் மலைக் காத்து வேணும், சுவிட்சர்லாந்து மாதிரி இடம்னா நல்லது, ஆனா உங்களுக்கு அதெல்லாம்னு இழுத்தார். அங்கிருந்து வெளிய வந்து நேரா பாசாருக்குப் போனவதான் இவ.

ஆமா, தனி டம்ளர் அதுக்குத்தான். நீங்க கார்டைத் தைரியமாத் தொடலாம், ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு எடுத்தேன்.

நாலுதான் இருக்கா? சரியா எண்ணிட்டீங்க. அஞ்சாவதை இப்ப கொடுக்கல. நீங்க திரும்பி வர நாலு மாசம் ஆகும்ல, அப்ப வந்து தரேன். அடுத்த தடவை கொழும்புல போடணும். அதுல ரெண்டு எழுதியிருக்கா. ரெண்டும் அவ கையெழுத்து, நான் எழுதினா யோகநாதன் கண்டுபிடிச்சுடுவார். ஒண்ணுல, வந்துகிட்டே இருக்கோம், வெத்தலை வாங்கி வையுங்கக்கான்னு. இன்னொண்ணுல, எனக்கு இந்த ஊரு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, நான் இங்கேயே இருந்துக்கறேன், இவரு மட்டும் வர்றாரு, ஒரு வாய் சோறு போடுங்கன்னு.

எதுன்னு அப்ப பார்த்துச் சொல்றேன்.

சங்கு ஊதிட்டான், நீங்க கிளம்புங்கண்ணே. தூள் டின்னை அடுப்புப் பக்கம் வைக்காதீங்க, மெழுகு உருகிடும்.