கடல் பார்த்த பால்கனி

வெள்ளையில் பதினொரு வகை உண்டு என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். என் மனைவி புவனேஸ்வரி எங்கள் ஹாலுக்கு ஏழாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

திண்டுக்கல்லில் மூன்றாவது மாடி வீடு. எதிரே வறண்ட குளம், அதற்கப்பால் சிறுமலை. ஏதோ ஒரு கடற்கரை அடுக்கக வீட்டின் படத்தை அவள் போனில் வைத்திருந்தாள். எங்கள் வீட்டையும் அப்படியே மாற்ற வேண்டும். கடல் ஒன்றுதான் குறை.

தேவையில்லாததை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது என்பாள். மரக்கட்டில் போயிற்று. என் புத்தக அலமாரி போயிற்று. என் அப்பாவின் படத்தை இறக்கி, ஆணி இருந்த துளையையும் பூசி மறைத்தாள்.

ஒருநாள் படத்தை என்னிடம் நீட்டினாள்.

“ஏனுங்க, இத்தன பெரிய வீட்ல எங்கயாச்சும் ஒரு புருஷன் நிக்கிறாரா பாருங்க. இங்க ஒட்டாத சாமான் நீங்க ஒருத்தர்தானுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் படத்தை நன்றாகப் பார்த்தேன். புருஷன் இல்லை. பெண்டாட்டியும் இல்லை.

பால்கனியின் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பு வைக்க அருளப்பன் வந்தார். ஞாயிறு மாலை, கண்ணாடியை நிறுத்திவிட்டு, அதன் முன்னால் குறுக்கே நீல நைலான் கயிறு ஒன்றைக் கட்டினார். புவனா நெய்க்காரப்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தாள்.

“சார், அடியில விட்ட கலவை இன்னும் இறுகல. நாளைக்கு மதியம் வந்து போல்ட்ட முறுக்கிர்றேன். அம்புட்டு நேரமும் யாரும் சாயாமப் பாத்துக்கங்க. மேடத்துட்டயும் சொல்லிருங்க.”

சரி என்றேன். மறுநாள் காலை அவள் வந்து சேருமுன் கயிற்றை அவிழ்த்தேன். கண்ணை உறுத்தும் பொருள் எதுவும் அவளுக்கு ஆகாது.

நான் வேலைக்குக் கிளம்பினால், பைக் குளத்து முனை திரும்பும்வரை அவள் பால்கனியில் நிற்பாள். சண்டை போட்ட நாளிலும் தவறியதில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம் அது. இடையில் ஒரு வேப்பமரம் மறைக்கும்; அதைத் தாண்டிப் பார்க்க, தடுப்பில் சாய்ந்து எட்ட வேண்டும். அன்று அந்த மரத்தின் மறைவில் வண்டியை நிறுத்தினேன். ஒரு நிமிடம் இருக்கும்.

புறப்பட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

கயிறு கட்டாமல் போய்விட்டார் என்று அருளப்பனை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் கட்டினார். வேலை சுத்தமானவர். அந்தக் கயிறு என் பைக் பெட்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவிழ்த்தது நான். அவளிடம் சொல்லாததும் நான்.

நேற்று மாமியார் வந்திருந்தார். “மாலை போட எம்புள்ள படம் ஒண்ணுகூட மாட்டலீங்களா மாப்ள?” என்று அழுதார்.

எப்படி மாட்டுவது? அந்தச் சுவரில் ஆணி அடித்தால் புவனாவுக்குப் பிடிக்காது.