சருகுக்குக் கீழே பதினொரு பவுன்

மண்ணுக்குள் உலோகம் தேடுகிறவனுக்கு மெஷினைவிட முழங்கால்தான் முக்கியம். சத்தம் வந்ததும் குந்த வேண்டும், கிண்ட வேண்டும், சோடா மூடியைப் பார்த்துவிட்டு மறுபடி எழும்ப வேண்டும். பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற எனக்கு ஞாயிறு லீவு. ஆறு வருடமாக ஞாயிறென்றால் காடுதான். கிடைத்தவை சட்டைப் பித்தான்கள், பழைய யுத்தத்தின் வெற்றுத் தோட்டாக்கள், யாரோ தாடிக்கார ராசாவின் தேய்ந்த செப்புக்காசு. "சுந்தரமண்ணை புதையலோடைதான் ஊருக்குப் போவார்" என்று கடையில் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன்.

போன ஐப்பசியில் எங்கள் கடைச் சமையல்காரன் கரிகாலன் எனக்குப் போன் எடுத்தான். மொன்மொரன்சிக் காட்டில் கஷ்கொட்டை பொறுக்கும்போது மனைவி தர்மிளாவின் தாலிக்கொடி கழன்று விழுந்துவிட்டதாம். மறுநாள் மூவரும் போனோம். அவர்கள் ஒரு பக்கம் சருகு கிளற, நான் மறுபக்கம் மெஷினை ஓட்டினேன்.

இருபது நிமிடத்தில் கண்டெடுத்தேன். பதினொரு பவுன், ஒரு கீறலும் இல்லை. கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். ஆறு வருடத்தில் முதன்முதலாக உருப்படியான ஒன்று, கொஞ்ச நேரம் என்னிடம் இருக்கட்டுமே என்று ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தேன். வெளிக்கிடும்போது தர்மிளா, "அடுத்த ஞாயிறும் வருவீங்களோ அண்ணை?" என்று கேட்டாள். அப்போதே கொடுத்திருக்க வேண்டும். "ஓம் பிள்ளை, வாறன்" என்றேன்.

என்னைக் கள்ளன் என்று நினைக்க வேண்டாம். அதை விற்க ஒருநாளும் எண்ணியதில்லை. அறையில் வைத்தால் என்னோடு இருப்பவர்கள் கண்டுவிடுவார்கள் என்பதால் ஜாக்கெட்டிலேயே இருந்தது. இரண்டாம் கிழமையோடு கரிகாலன் வருவதை விட்டுவிட்டான். அவள் மட்டும் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தாள். ரயிலில் மகளின் பள்ளிக்கூடக் கதைகள் சொல்வாள். ஐம்பத்துமூன்று வயதுவரை எனக்கென்று ஒருத்தரும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்ததில்லை.

ஒரு ஞாயிறு, "நான் ஒருக்காப் பிடிக்கட்டே?" என்று மெஷினை வாங்கினாள். திரும்பும்போது அதன் வட்டு என் ஜாக்கெட்டுக்குக் கிட்ட வந்து வீரிட்டது. ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

"அது உங்கட பெல்ட் அண்ணை."

அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால், கழுவுகிற கோப்பையை இப்போதும் கீழே வைத்துவிடுவேன். அவ்வளவு அவமானம்.

இங்கே வரும் வழியில் மலேசியாவில் நிற்கிற தன் தம்பியை அழைக்கும் ஏஜென்சிக் காசுக்காக அவள் கொடியை விற்றுவிட்டு நாடகம் ஆடுகிறாள் என்று மார்கழியில் கரிகாலன் முடிவு கட்டினான். அவள் மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதுதான் வினையானது. பெற்ற பிள்ளையின் தலையில் பொய்ச் சத்தியம் செய்கிறவள் தாயா என்று வீட்டை விட்டு அனுப்பிவிட்டான். இப்போது மகள் ஆர்ஜொந்தெயில் அவனோடு, இவள் ஸ்தேனில் ஒற்றை அறையில். கரிகாலன் கடைக்குள் இதைச் சொல்லி அழுதபோது நான்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

வைகாசியில் பிள்ளை யாரோடு என்று நீதிமன்றத்தில் தீர்க்கப் போகிறார்கள். "நான் தேடினதைக் கண்ட ஆள் நீங்கள்தான் அண்ணை. சாட்சிக்கு ஒரு அத்தெஸ்தாசியோன் எழுதித் தாங்கோ" என்று தர்மிளா கேட்டாள். இதுவரை நீங்கள் வாசித்ததைத்தான் முதலில் எழுதினேன். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. பிறகு இன்னொரு தாளில் நாலு வரி எழுதினேன்: தர்மிளா நேர்மையான பெண், ஞாயிறுதோறும் என்னோடு வந்து தேடினாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைத்தான் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கினாள். "சொந்த அண்ணன்கூட இப்பிடிச் செய்யமாட்டான்" என்றாள். வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொடி பத்திரமாக இருக்கிறது. எப்படியும் அவளுக்குத்தான் கொடுப்பேன். இப்போது கொடுத்தால், தன்னை நம்பாத அந்த மனிதனிடமே திரும்பிப் போய்விடுவாள். அவளுடைய நன்மைக்காகத்தான் பொறுத்திருக்கிறேன். இந்த ஞாயிறு காட்டின் வடக்குப் பக்கத்தில் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.