மூடியைத் திறக்கிற கை

மாமனார்: வர்ற வழியில ஒருத்தன் சோத்துத் தட்டைப் போட்டோ புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், மாப்பிள்ளை. சோறு ஆறுது, ஈ மொய்க்குது, இவன் போனைத் தூக்குறான், இறக்குறான். திங்கறதுக்குக்கூடச் சாட்சி வேண்டியிருக்கு இப்ப இருக்கிற ஜனங்களுக்கு.

மாப்பிள்ளை: அது கிடக்கட்டும் மாமா. அந்த டப்பா கேமரா மூடியிலேருந்து கையை எடுங்க.

மாமனார்: தொட்டுத்தான் பாத்தேன்.

மாப்பிள்ளை: போன ஞாயித்துக்கிழமையும் தொட்டுத்தான் பாத்தீங்க. வெளிச்சம் பூந்து பிலிம் மொத்தமும் கறுத்துப்போச்சு.

மாமனார்: என்ன பண்ணச் சொல்றீங்க? ஆலை வாசல்ல வாட்ச்மேனா நின்னு, போறவன் வர்றவன் சோத்து டப்பாவெல்லாம் திறந்து பாத்தே நரைச்சவன் நான். மூடி இருக்கிறதைக் கண்டா கை அரிக்குது. உள்ள படம் விழுந்துச்சா இல்லையான்னு திறக்காம எப்படி நம்புறது?

மாப்பிள்ளை: திறந்தா இருக்கிறதும் போயிரும்.

மாமனார்: நல்ல கேமரா! பிஸ்கட் டப்பா, அதுல ஊசி குத்துன ஒரு ஓட்டை...

மாப்பிள்ளை: ஊசியால குத்தச் சொன்னேன். நீங்கதான் முதல் டப்பாவுல ஆணியை வச்சு அடிச்சு, அதைத் தூக்கிப் போட வச்சீங்க. அதுவழியா படமா வரும்? எலிதான் வரும்.

மாமனார்: எலி வந்திருந்தாலாவது புடிச்சேன்னு சொல்லியிருப்பேன்.

மகள்: உங்க மாமனார்கிட்டச் சொல்லுங்க, சட்டுபுட்டுன்னு ஆரம்பிக்கச் சொல்லி. ஜன்னல் வெளிச்சம் போச்சுன்னா நான் எழுந்து போயிருவேன்.

மாப்பிள்ளை: மாமா, சட்டு...

மாமனார்: காதுல விழுந்துச்சு. கைக்கெட்டுற தூரத்துலதானே உக்காந்திருக்கா? உங்க பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க, ஆடாம இருக்கச் சொல்லி.

மகள்: நான் ஆடல.

மாப்பிள்ளை: அவ ஆடலையாம்.

மாமனார்: வாய் ஆடுதே.

மாப்பிள்ளை: அய்யோ... மாமா, ஒரே ஒரு படம். அது உருப்படியா வந்தா நேருக்கு நேரா பேசுறேன்னு வாக்குக் குடுத்திருக்கா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு கத்திக் கத்தி என் தொண்டை வத்திப்போச்சு.

மகள்: 'கேமராவைக் குரங்கு கையில குடுத்தாலும் படம் வரும், போட்டோ புடிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?'ன்னு நம்ம கல்யாணத்துக்கே வராதவராச்சே. அதான் எடுத்துக் காட்டச் சொன்னேன்.

மாமனார்: குரங்கா இருந்தா இந்நேரம் எடுத்திருக்கும். நான்தான் தடவிக்கிட்டு நிக்கிறேன். ஓட்டை மேல ஒட்டுன கறுப்பு டேப்பை உரிக்கவா?

மாப்பிள்ளை: உரிங்க. டப்பா அசையக் கூடாது... அவ்வளவுதான். நான் சொல்ற வரைக்கும் யாரும் மூச்சுவிடாதீங்க.

மாமனார்: ஒரு சத்தத்தையும் காணோமே. வேலை நடக்குதா?

மாப்பிள்ளை: வெளிச்சம் என்ன, சங்கு ஊதிக்கிட்டா வரும்?

மாமனார்: உள்ள எது போச்சு, எது வந்துச்சு, ஒரு தகவலும் இல்ல. இப்படி ஒரு வாசல்ல என்னை நிறுத்தியிருந்தா முதல் நாளே தொப்பியைக் கழட்டிக் குடுத்துட்டு வந்திருப்பேன்.

மாப்பிள்ளை: மாமா, அவ சிரிக்கிறா. முகம் கலங்கிரும்.

மகள்: யாரு சிரிச்சா?

மாப்பிள்ளை: போதும், டேப்பை ஒட்டுங்க. நல்லா அழுத்தி... டப்பாவை இப்படிக் குடுங்க.

மாமனார்: குடுக்கிறேன்... ஒரு ஓரமா... துளியூண்டு...

மாப்பிள்ளை: மாமா!

மகள்: அப்பா! திறக்காதீங்கப்பா!

மாமனார்: யாரைச் சொன்னே?

மகள்: டப்பாவை.

மாமனார்: டப்பாவுக்கு அப்பான்னா பேரு வச்சிருக்கே?

மாப்பிள்ளை: போச்சு! இனிமே மூடி மறைச்சு என்ன ஆகப்போகுது? மாமா, முதல் தடவை எடுத்தீங்களே, அதுல ஒண்ணும் விழலன்னு சொன்னது பொய். பளிச்சுன்னு வந்துச்சு. இவதான் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டா.

மகள்: வந்துருச்சுன்னு சொன்னா பேசணும். பேசி முடிச்சா நீங்க பாட்டுக்குக் கெளம்பிப் போயிருவீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை எதுக்கு வரப்போறீங்க?

மாமனார்: என் செருப்பு எங்க?

மாப்பிள்ளை: மாமா, கோவிச்சுக்காதீங்க...

மகள்: அப்பா, நில்லுங்க!

மாமனார்: கோவமுமில்ல, ஒண்ணுமில்ல. மறு வாரம் கை கழுவப் போனப்பவே துண்டுக்குப் பின்னால அந்தப் பிலிம் தொங்குறதைப் பாத்துட்டேன். நெகட்டிவ்ல தெரியற மாதிரி முகம் கறுப்பு, முடி வெள்ளை, மூக்கு மட்டும் எங்க வீட்டு மூக்கு. படம் வந்துச்சுன்னு ஆனா, 'கல்யாணத்துக்கு வராம இப்ப எதுக்கு வந்தீங்க?'ன்னுதான் இவ முதல்ல கேப்பா, அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல... அதான் அப்புறம் எடுத்ததையெல்லாம் வேணும்னே திறந்துவிட்டேன். அதுக்காக ஓட்டை வழியா ஆள் முகம் வரும்னு நம்பிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து இன்னொருக்கா பாத்துத்தான் சொல்லுவேன்.